பெட்ரோல் பிரஷர் எகிறினால் எங்கே பார்ப்பது?

மைலேஜ் சட்டென்று இறங்குகிறது, சைலன்சர் கறுப்பாகப் புகைகிறது, வண்டியைச் சுற்றி எப்போதும் பெட்ரோல் வாடை. இதைச் சொன்னதும் பல ஒர்க்‌ஷாப்களில் இன்ஜெக்டரைக் கழற்றத்தான் கை போகும். அதற்கு முன், இன்ஜெக்டருக்கு வரும் பெட்ரோலின் அழுத்தம் எவ்வளவு என்று அளந்தார்களா எனக் கேளுங்கள்.

1. அழுத்தம் கூடினால், இன்ஜெக்டர் திறந்திருக்கும் அதே நேரத்தில் அதிக பெட்ரோல் உள்ளே போகும். பிளக்கைக் கழற்றினால் நுனியில் காய்ந்த கறுப்புக் கரி படிந்திருக்கும். ஐடிலிங்கில் எஞ்சின் குலுங்கும். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

2. இதே அறிகுறிகள் அடைத்த ஏர் ஃபில்டர், கெட்டுப்போன கூலன்ட் சென்சார் அல்லது ஆக்ஸிஜன் சென்சார், ஒழுகும் இன்ஜெக்டர் ஆகியவற்றாலும் வரும். ஸ்கேனரில் 'பி 0172' என்று வந்தால் பெட்ரோல் அதிகம் கலக்கிறது என்று மட்டும்தான் பொருள். காரணத்தை அது சொல்லாது.

3. உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். பழைய எம்பிஎஃப்ஐ கார்கள் பலவற்றில் எஞ்சின்மேல் உள்ள ஃப்யூல் ரெயிலுக்கு இரண்டு குழாய்கள்: ஒன்று டாங்கிலிருந்து வருவது, மற்றது மிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெயிலின் ஓரத்திலேயே இருக்கும். ஒரே குழாய் என்றால் பெரும்பாலும் ரெகுலேட்டர் டாங்குக்குள், பம்ப்போடு சேர்ந்திருக்கும்.

4. ரிட்டர்ன் உள்ள வண்டியில் முதலில் பார்க்கவேண்டியது ரெகுலேட்டரிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் சின்ன ரப்பர் வேக்குவம் ஹோஸ். ஐடிலிங்கில் மேனிஃபோல்டில் உள்ள வெற்றிடம் ரெகுலேட்டரின் டயஃப்ரத்தை இழுத்து, அழுத்தத்தைக் குறைத்து வைக்கும். ஹோஸ் கழன்றாலோ, வெடித்தாலோ, எலி கடித்தாலோ அந்த இழுப்பு போய்விடும். அழுத்தம் ஏறக்குறைய அரை பார் உயரும். எஞ்சின் சூட்டில் ரப்பர் விறைத்து, மாட்டியிருக்கும் இரு முனைகளில்தான் முதலில் விரிசல் விடும். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும், வளைத்துப் பாருங்கள். ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. பெட்ரோலை எஞ்சின் அந்த வழியாகவே உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் ரெகுலேட்டரை மாற்றியே ஆகவேண்டும்.

5. அளப்பதற்கு முன் அழுத்தத்தை இறக்குங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். டாங்க் மூடியைத் திறந்து மூடி, ஃப்யூல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் ஓடித் தானே அணைந்துவிடும். இன்னொரு முறை சில நொடி செல்ஃப் அடித்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். மூட்டைத் திறக்கும்போது துணியால் சுற்றிப் பிடியுங்கள். இந்த வேலையைத் திறந்த வெளியில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டும். பீடி, சிகரெட் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

6. சில ரெயில்களில் டயர் வால்வு போன்ற ஒரு முனை இருக்கும், கேஜை அதில் மாட்டலாம். இல்லாவிட்டால் டி-ஜாயின்ட் வேண்டும். மாட்டியபின் ஃபியூஸையும் பேட்டரியையும் பழையபடி இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான பெட்ரோல் எம்பிஎஃப்ஐ வண்டிகளில் 2.5 முதல் 4 பார் வரை காட்டும். ஆனால் உங்கள் மாடலுக்கு சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் கணக்கு. ரிட்டர்ன் உள்ள வண்டியில், ஐடிலிங்கில் வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் முள் ஏறி, மாட்டினால் இறங்க வேண்டும். ஏற்கெனவே உச்சத்தில் நின்று அசையவே இல்லையென்றால் அடுத்த குறிப்புக்கு வாருங்கள்.

7. ரிட்டர்ன் குழாய் நசுங்கியிருக்கலாம். ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்துத் தூக்கிய வண்டிகளில் இதைச் சந்தேகப்படலாம். மெக்கானிக் ரெகுலேட்டரின் ரிட்டர்ன் முனையில் தற்காலிகக் குழாய் மாட்டி, பெட்ரோலை ஒரு கேனில் விட்டுப் பார்ப்பார். அழுத்தம் சரியானால் குழாயில் அடைப்பு, இறங்காவிட்டால் ரெகுலேட்டர் கோளாறு. இதை வீட்டில் முயலாதீர்கள்.

8. புதிய பம்ப் போட்ட பிறகு தொல்லை தொடங்கியதா? அதிக பெட்ரோல் தள்ளும் வேறு மாடல் பம்ப்பை மாட்டியிருந்தால், அவ்வளவையும் திருப்பி அனுப்ப ரெகுலேட்டரால் முடியாமல் போகும்.

9. ரெகுலேட்டர் மாற்றினால் ஓ-ரிங்கும் புதிதாக இருக்கட்டும். ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி மாட்டினால் முறுக்கிக்கொள்ளாது. ஸ்டார்ட் செய்யுமுன் சாவியை இரண்டு மூன்று முறை 'ஆன்' செய்து கசிவு பாருங்கள்.

10. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து அளவும் ஏறியிருந்தால், பழுது தீர்ந்ததும் ஆயிலை மாற்றிவிடுங்கள். பழுது தீரும்வரை காய்ந்த சருகு, வைக்கோல்மேல் வண்டியை நிறுத்தவேண்டாம். எரியாத பெட்ரோல் போய்ச் சேர்ந்தால் அடியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கடுமையாகச் சூடேறும்.

11. காமன் ரெயில் டீசல் வண்டிக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். ஸ்கேனரில், அழுத்தம் அதிகம் என்று சொல்லும் 'பி 0088' வந்தால் நீங்கள் செய்யக்கூடியது சென்சார் கனெக்டர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பது மட்டுமே. ஓடும் எஞ்சினில் நட்டைத் தளர்த்தவோ, கசிவைக் கையால் தடவித் தேடவோ கூடாது. ஊசி போல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், உள்ளே டீசல் ஏறியிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.