போன் ஹேண்டிலில், கண் பாதையில்



ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் "ஐயா வர்றாரு" என்று மலையில் நிற்பவர்கள் சொல்வார்கள். இன்று லயத்து வாசலிலேயே பைக் நிற்கிறது. நம்முடைய தம்பிமார் சிலர் கொழும்பில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறார்கள். சிலர் டவுனில் கூரியர் வேலை செய்கிறார்கள். இன்னும் சிலர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து பைக்கிலேயே வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். இவர்களுக்கு வழி காட்டுவது கையடக்கத் தொலைபேசியில் இருக்கும் 'மெப்' என்ற வரைபடம்தான்.

ஆனால் அந்தப் போனை வைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒருவர் இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் ஓட்டுகிறார். ஒருவர் பெற்றோல் டாங்கியின் மேல் ரப்பர் பட்டியால் கட்டியிருக்கிறார். இன்னொருவர் ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு போகிறார். போன் விழுந்தால் பல மாதத் தவணைக் காசு போய்விடும். விழுகிற போனைப் பிடிக்கப் போய் ஆள் விழுந்தால் குடும்பமே விழுந்துவிடும். ஆகையால் போனை வண்டியில் சரியாகப் பூட்டுவதையும், பூட்டிய பிறகு எப்படி ஓட்ட வேண்டும் என்பதையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பைக் ஒரு செக்கனில் ஏறக்குறைய 11 மீற்றர் தூரம் ஓடும். போனை 2 செக்கன் குனிந்து பார்த்தால் 22 மீற்றர் ஓடிவிடும். அது இரண்டு பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளம். அந்தத் தூரம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான். நம்முடைய பாதைகளில் 22 மீற்றருக்குள் ஒரு வளைவே முடிந்துவிடும்.

ஆகவே ஹோல்டர் போடுவது போனைக் காப்பாற்றுவதற்கு மட்டும் அல்ல. கண்ணையும் கையையும் அதனதன் வேலையில் வைத்திருப்பதற்குத்தான்.

எந்த ஹோல்டர் நல்லது?

கடையில் பல வகை தொங்கும். விலையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

நான்கு மூலையையும் பிடித்து, பின்னால் ஸ்குரூ வைத்து இறுக்கும் வகை நம் பாதைக்கு ஏற்றது. அதற்கு மேல் ஒரு ரப்பர் வலையும் போட்டால் இன்னும் நல்லது.

ரப்பர் வலை மட்டும் உள்ளதை நம்ப முடியாது. வெயிலில் காய்ந்து ரப்பர் வெடித்துவிடும். எப்போது அறும் என்று சொல்ல முடியாது.

பிளாஸ்டிக் உறை வகை மழைக்கு உதவும். ஆனால் கொழும்பு வெயிலில் உள்ளே போன் கொதித்துவிடும். வெளிச்சம் பட்டால் படமும் தெரியாது.

காந்தத்தில் ஒட்டுவதும், கண்ணாடியில் சப்பிப் பிடிப்பதும் காருக்குச் செய்தவை. பைக்குக்கு வேண்டாம்.

போனுக்குத் தனி உறை போட்டு, அந்த உறையையே ஹோல்டரில் திருகிப் பூட்டும் வகை மிகவும் உறுதியானது. ஆனால் விலை அதிகம். தினமும் பைக்கில் உழைக்கிறவர்கள் சேர்த்து வைத்து வாங்கலாம்.

வாங்கும்போது கடையிலேயே போனை அதில் பூட்டி, தலைகீழாகப் பிடித்து, கீழே மற்றக் கையை வைத்துக்கொண்டு நன்றாக உதறிப் பாருங்கள். அந்த உதறலிலேயே நகர்ந்தால் தோட்டத்து ரோட்டில் நிற்காது.

பூட்டும் முறை

1. இடத்தைத் தெரிவு செய்யுங்கள். ஹேண்டிலின் நடுப்பக்கம் நல்லது. அங்கே இருந்தால் தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் இறக்கிப் பார்க்கலாம். வேக மீற்றரையும் சிக்னல் லைற்றையும் மறைக்கக் கூடாது. பெற்றோல் டாங்கியின் மேல் வேண்டாம்.

2. ஹேண்டில் கம்பியின் பருமனைப் பாருங்கள். சாதாரண பைக் கம்பி 22 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ஹோல்டரின் வளையம் பெரிதாக இருந்தால், இறுக்கினாலும் சுற்றும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கம்பியில் சுற்றி, அதற்கு மேல் வளையத்தைப் போடுங்கள். வழுக்காது, கம்பியிலும் கீறல் விழாது.

3. இரண்டு ஸ்குரூ இருந்தால் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போக வேண்டாம். மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

4. இனி மிக முக்கியமான சோதனை. எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு ஹேண்டிலை இடப்பக்கம் கடைசி வரையும், வலப்பக்கம் கடைசி வரையும் திருப்புங்கள். கிளச் கேபிள், பிரேக் குழாய், எக்ஸிலேட்டர் கேபிள் ஏதாவது ஹோல்டரில் மாட்டுகிறதா, இழுபடுகிறதா என்று பாருங்கள். எக்ஸிலேட்டரைத் திருகிக் கையை விட்டால் அது தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அந்த இடம் சரியில்லை, மாற்றிப் பூட்டுங்கள்.

5. போனுக்கு இரண்டாவது கட்டு ஒன்று போடுங்கள். உறையில் ஒரு சிறு கயிற்றைக் கோத்து ஹேண்டிலில் முடியுங்கள். கயிறு குட்டையாக இருக்கட்டும். நீளமாக இருந்தால் சக்கரத்திலோ லீவரிலோ சிக்கும்.

6. முதல் நாள் 10 கிலோமீற்றர் ஓடிய பிறகு நிறுத்தி, எல்லா ஸ்குரூவையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

ஸ்கூட்டி வைத்திருக்கும் தங்கைமாருக்கு: உங்கள் ஹேண்டில் பிளாஸ்டிக்கால் மூடியிருக்கும். ஆகவே சைட் கண்ணாடியின் தண்டில் பூட்டும் வகையை வாங்க வேண்டும். வலது கையில் எக்ஸிலேட்டர் இருப்பதால் இடப்பக்கத் தண்டே நல்லது. போனின் பாரத்தில் கண்ணாடி தானாகத் திரும்பினால், அடி நட்டை இறுக்குங்கள். பின்னால் வரும் பஸ்ஸைக் காட்டும் கண்ணாடி போனைவிட முக்கியம். வலப்பக்கக் கண்ணாடியைக் கழற்ற நேர்ந்தால் கவனம். சில வண்டிகளில் அந்த மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். பலாத்காரமாகத் திருகினால் மரை போய்விடும்.

அதிர்வும் கமராவும்

பைக் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில் வழியாகப் போனுக்குப் போகிறது. சில போன்களில் படம் ஆடாமல் இருக்க, கமராவுக்குள் நுண்ணிய அசையும் பாகங்களை வைத்திருக்கிறார்கள். பெரிய மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு இவற்றைப் பழுதாக்கலாம் என்று ஐபோன் செய்யும் ஆப்பிள் நிறுவனமே 2021 ஆம் ஆண்டு அறிவித்தது. ஸ்கூட்டர் போன்ற சின்ன வண்டிக்கும் அதிர்வைக் குறைக்கும் ஹோல்டர் போடும்படியும், நெடுநேரம் தொடர்ந்து பூட்டி வைக்காதபடியும் சொன்னது. வீட்டில் ஒரு பழைய போன் இருந்தால் அதை மெப்புக்கு வைத்துக்கொண்டு, நல்ல போனைச் சட்டைப் பையில் போடுவது புத்தி.

சார்ஜும் மழையும்

மெப் ஓடினால் பற்றரி சீக்கிரம் இறங்கும். பைக்கில் சார்ஜர் பூட்டலாம். ஆனால் கிடைத்த வயரில் கொளுவ வேண்டாம். ஹெட்லைற் வயரையோ பிரேக் லைற் வயரையோ வெட்டிச் சேர்த்தால் இரவில் பாதி வழியில் லைற் போய்விடும். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் சார்ஜரை வாங்கி, கராஜ் பாஸிடம் கொடுத்து, பற்றரிக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்து, சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும்படி இணைக்கச் சொல்லுங்கள். பியூஸ் இல்லாமல் வயர் தேய்ந்து உரசினால் தீப்பிடிக்கலாம். போனின் சார்ஜ் துளை நனைந்திருந்தால், காயும் வரை வயரைச் செருக வேண்டாம்.

கினிகத்தேனை, கித்துல்கல பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பலத்த மழையில் போனைக் கழற்றிப் பொலித்தீன் பையில் சுற்றி உள்ளே வையுங்கள். ஈர விரலுக்குப் போன் சரியாக வேலையும் செய்யாது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் மெப்பைப் பார்க்கவே வேண்டாம். அந்த நேரத்தில் கண்ணுக்கு ஒரே வேலைதான் இருக்க வேண்டும்.

புறப்படும் முன்

மலைக்குள் பல இடங்களில் சிக்னல் இல்லை. டேட்டா சிக்னல் இல்லாவிட்டாலும், நீங்கள் நிற்கும் இடத்தைப் போன் செய்மதி மூலம் கண்டுபிடிக்கும். வரைபடம்தான் வராமல் போகும். ஆகவே போகும் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள்.

போகும் வழியில் மூன்று நான்கு ஊர்ப் பெயர்களை மனதிலும் வையுங்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு என்றால் கினிகத்தேனை, கித்துல்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை. போன் செத்தாலும் வாய் இருக்கிறது, கேட்டுப் போய்ச் சேரலாம்.

தோட்டப் பெயரில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் தோட்டங்கள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், நம் வாயில் ஒரு பெயர். தாத்தா பாட்டி சொல்லும் பெயர் மெப்பில் பெரும்பாலும் இருக்காது. ஆங்கிலப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எந்த மாவட்டம் என்றும் பாருங்கள். முடிந்தால் போகும் வீட்டாரிடமே இருக்கும் இடத்தைப் போனில் அனுப்பச் சொல்லுங்கள்.

மெப் குறுக்கு வழி காட்டினால் உடனே திரும்ப வேண்டாம். அது தேயிலை மலைக்குள் போகும் கல் ரோடாக இருக்கலாம். மண்சரிவும் மெப்புக்கு உடனே தெரியாது. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பல பாதைகள் மண்ணால் மூடிப்போயின. அப்படியான நாட்களில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் விசாரித்துவிட்டு, ஊராரையும் கேட்டுப் போவதே பாதுகாப்பு.

கேள்வியும் பதிலும்

கேள்வி: ஹோல்டரில் பூட்டிவிட்டால், ஓடும்போது விரலால் தட்டலாமா சேர்?

பதில்: கூடாது தம்பி. போக வேண்டிய இடத்தைப் புறப்படும் முன்பே போடுங்கள். மாற்ற வேண்டுமானால் வளைவு இல்லாத இடத்தில், ரோட்டை விட்டு ஓரமாக நிறுத்தி மாற்றுங்கள். போனைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டு வாகனம் ஓட்டுவது சட்டப்படியும் குற்றம்.

கேள்வி: பார்க்காமல் எப்படி வழி தெரியும்?

பதில்: குரலைப் போட்டுவிடுங்கள். பல போன்களில் தமிழிலும் சொல்லும். காதில் மாட்டுவதானால் ஒரு காதில் மட்டும், குறைந்த சத்தத்தில். வளைவில் பஸ் ஹோர்ன் அடிப்பது கேட்க வேண்டும்.

கேள்வி: சாப்பாடு பிந்தினால் கம்பனியும் வாடிக்கையாளரும் ஏசுகிறார்களே?

பதில்: ஏசுவார்கள்தான். கஷ்டம் விளங்குகிறது. ஆனால் நிறுத்தி மெப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களுக்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லை.

கேள்வி: போன் கழன்று ரோட்டில் விழுந்துவிட்டால்?

பதில்: கையை நீட்டிப் பிடிக்காதீர்கள், திடீர் பிரேக்கும் போடாதீர்கள். கண்ணாடியில் பின்னால் பார்த்து, மெதுவாக ஓரம் கட்டி, வாகனம் இல்லாத நேரம் போய் எடுங்கள். நசுங்கினால் நசுங்கட்டும்.

கேள்வி: விபத்து நடந்துவிட்டால்?

பதில்: 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மெப்பைத் திறந்து நிற்கும் இடத்தின் பெயரையும், பக்கத்துக் கோவில், பாடசாலை, தோட்ட டிவிசன் பெயரையும் சொல்லுங்கள்.

ஞாபகத்தில் வைப்போம்

• ஸ்குரூ, ரப்பர், கயிறு மூன்றையும் தொட்டுப் பார்த்த பின் புறப்படுவோம்.
• ஹேண்டில் இரு பக்கமும் தடையின்றித் திரும்ப வேண்டும்.
• இடத்தைப் போட்ட பிறகே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவோம்.
• ஓடும்போது காதால் கேட்போம், நிறுத்திய பிறகு கையால் தொடுவோம்.
• வண்டியை விட்டு இறங்கினால் போனையும் கழற்றி எடுப்போம்.

பெற்றோரே, பிள்ளை பைக்கில் போகும் நேரத்தில் "எங்க வர்ற, எங்க வர்ற" என்று அடிக்கடி போன் எடுக்காதீர்கள். அவன் நிறுத்திவிட்டு எடுக்கட்டும் என்று பொறுத்திருங்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, பைக் வைத்திருக்கும் தம்பிமாரின் கையில் கொடுங்கள்.

– தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்