வாளும் வெண்கட்டியும்

போர்க்களத்தில் வென்றோர் பலர். வென்றபின் நாட்டைச் செவ்வனே ஆண்டோர் சிலர். ஆண்டோருள்ளும் தாமே கரும்பலகையின் முன் நின்று குடிகளுக்கு எழுத்தறிவித்தவர் மிகச் சிலரே. துருக்கியின் முஸ்தபா கெமால் அவருள் ஒருவர்.

1881 ஆம் ஆண்டு சலோனிக்கா நகரிற் பிறந்த கெமால், இராணுவக் கல்லூரியிற் பயின்று, 1915 இற் கலிப்பொலியில் நேசநாட்டுப் படைகளை எதிர்த்து நின்று புகழெய்தினார். முதலாம் உலகப் போரிலே தோல்வியுற்ற தம் நாட்டை அந்நியர் கூறுபோட முனைந்தபோது, 1919 மே 19 இற் சம்சூன் துறையில் இறங்கி மக்களை ஒன்றுதிரட்டினார். 1920 இல் அங்காராவிலே தேசியப் பேரவை கூடிற்று. 1922 இல் வெற்றி கிட்டிற்று. 1923 ஒக்டோபர் 29 இற் குடியரசு பிறந்தது. அதன் முதற் சனாதிபதி அவரே.

வாளை உறையிலிட்டவர் அடுத்து எதிர்த்த பகை அறியாமையாகும். 1927 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்நாட்டில் ஏறக்குறையப் பத்தில் ஒருவரே எழுத்தறிந்தவர். துருக்கி மொழிக்கு உயிரொலிகள் எட்டு. அவற்றைத் தெளிவுற வேறுபடுத்த, அன்று வழங்கிய அரபு வரிவடிவம் போதவில்லை. ஆகவே 1928 நவம்பர் 1 இல் இலத்தீன் வரிவடிவைத் தழுவிய 29 எழுத்துக்கள் சட்டமாயின. சனாதிபதி தாமே ஊர்தோறும் சென்று, வெண்கட்டி பிடித்து அவற்றைக் கற்பித்தார். அவ்வாண்டு நவம்பர் 24 இல் அவருக்குத் தலைமையாசிரியர் என்னும் பட்டம் உரியதாயிற்று. 1929 முதல் வளர்ந்தோர்க்கும் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1934 இற் பெண்டிர்க்குப் பாராளுமன்ற வாக்குரிமை கிட்டிற்று. துருக்கியரின் தந்தை எனப் பொருள்படும் அத்தாதுர்க் என்னும் பெயரை அவர் பெற்றதும் அவ்வாண்டிலேயே.

எனினும் நடுவுநிலை பிறழாது நோக்குவார்க்கு மற்றொரு பக்கமும் புலனாகும். 1927 இல் அவர் ஆறு நாள் நிகழ்த்திய பேருரை பழைய எழுத்தில் அச்சாயிற்று. பின்னர் எழுத்து மாறிற்று. 1932 முதல் நிகழ்ந்த மொழிச் சீர்திருத்தத்தாற் சொற்களும் மாறின. எனவே அவ்வுரையையே பிற்கால இளைஞர்க்காக இக்காலத் துருக்கி மொழியிற் பெயர்த்தெழுத நேர்ந்தது. தந்தையின் உரை மைந்தர்க்கு விளங்காதாயிற்று! அன்றியும், ஒரு கட்சி ஆட்சியில் எதிர்க்குரல் அடங்கிற்று. குர்திய மக்களின் தாய்மொழிக்குப் பள்ளியில் இடமின்றிப் போயிற்று.

1938 நவம்பர் 10 இல் அவர் மறைந்தார். நவம்பர் 24 இன்றும் துருக்கியில் ஆசிரியர் தினமாகும். மாணவர்காள்! எழுத்தறிவித்தலின் பெருமையை அவரிடம் கற்பீர்களாக. அதனோடு, எழுத்தைக் கொடுக்கும் கை முன்னோர் ஏட்டையும் அயலார் தாய்மொழியையும் பறித்தலாகாது என்பதனையும் அவர் வரலாற்றிலிருந்தே உணர்வீர்களாக.