வழி தேடும் ரவுட்டர்

சகோதர வணிகர்களே! ஜொகூர் பாரு, குளுவாங், பத்து பகாட் என மூன்று ஊர்களில் கடை வைத்து, அவற்றை மும்முனையாக இணைத்திருப்போர் 'ஓ.எஸ்.பி.எப்.' முறையை அறிதல் நலம்.

இதில் ஒவ்வொரு ரவுட்டரும் தன் இணைப்புகளையும் அவற்றின் செலவெண்ணையும் மற்ற யாவற்றுக்கும் அறிவிக்கும். ஆகவே எல்லாவற்றிடமும் ஒரே வரைபடம் இருக்கும். ஆலந்து நாட்டு டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்கின்படி, செலவு குறைந்த வழியை ஒவ்வொன்றும் தானே தேர்ந்துகொள்ளும். வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை வரும் 'ஹலோ' 40 விநாடி வராவிடில், அவ்விணைப்பு அறுந்ததெனக் கொள்ளும். குளுவாங் பாதை அறுந்தால் பில் கணக்கு பத்து பகாட் வழியே போய்ச் சேரும், வியாபாரம் நிற்காது.

சிஸ்கோ ரவுட்டரில், 'ரவுட்டர் ஓ.எஸ்.பி.எப். 1' என்றிட்டு, அடுத்த வரியில் 'நெட்வொர்க் 192.168.10.0 0.0.0.255 ஏரியா 0' என்க. ஒவ்வோர் இணைப்புக்கும் இவ்வாறே. இரு முனையிலும் ஏரியா எண் ஒத்திருக்க வேண்டும்.

மறைச்சொல்லும் இடுக. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பும் இடத்தில் பொய்யர் புகாமல் காப்பதும் அமானிதமே.