வெள்ளை நாயும் மலைப் புகையும்

நம்பிக்கை: முடிவு சரியாக வந்துவிட்டால், வாதமும் சரிதான்.

உண்மை: “ராஜபாளையம் நாய் எல்லாம் வெள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத் தெருவில் போகிற இந்த நாயும் வெள்ளை. அப்படியென்றால் இது ராஜபாளையம் நாய்.” கேட்பவர் தலையாட்டிவிடுவார். விசாரித்தால் அது ராஜபாளையம் நாயாகவே இருக்கவும் கூடும். அப்போதும் வாதம் பிழைதான். வெள்ளை நிறம் நாட்டு நாய்க்கும் உண்டே. முதல் இரண்டு கூற்றும் உண்மையாக இருக்க, முடிவு மட்டும் பொய்யாக இடமிருந்தால், அந்த முடிவு கூற்றுகளிலிருந்து வந்ததல்ல. நிறத்தை மட்டும் காட்டிக் குட்டி விற்பவரிடம் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இதை யோசிக்க வேண்டும். அதே முதல் கூற்றை உண்மையென்று கொண்டால் உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: வெள்ளை அல்லாத நாய் ராஜபாளையம் நாய் அல்ல.

இதைத் தமிழில் என்றோ பாடமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு 14 ஏதுப் போலிகளை, அதாவது காரணம்போல் தோன்றி ஏமாற்றுபவற்றை, வகை பிரித்துச் சொல்கிறார். ‘ஒலி அழியும், ஏனென்றால் அது அறியப்படுகிறது’ என்பது அதில் ஒன்று. குடம் அறியப்படுகிறது, அழிகிறது. ஆகாயமும் அறியப்படுகிறது, ஆனால் அழியாதது என்று அன்று கொண்டார்கள். இரண்டு பக்கமும் செல்லும் காரணம் எதையும் நிறுவாது. நாயின் வெள்ளை நிறமும் அப்படித்தான்.

நம்பிக்கை: வாதம் ஒழுங்காக இருந்தால், முடிவு உண்மையாகத்தான் இருக்கும்.

உண்மை: ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. புகை இருந்தால் நெருப்பு உண்டு. மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு. வடிவத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் மழை விட்ட காலையில் சரிவில் ஏறுவது வெறும் மேகமூட்டம் என்றால்? வாதம் அப்படியே நிற்கும், முடிவு பொய்த்துப்போகலாம். அறவண அடிகள் இதையும் விடவில்லை: ஆவியா, பனியா என்ற ஐயம் தீராமலே புகையென்று கொண்டு, நெருப்பு உண்டு என்று துணிவதையும் போலியில் சேர்க்கிறார்.

எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. வரன் விசாரிக்கிற இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றி யாரோ ஏதோ சொல்ல, “நெருப்பில்லாமல் புகையுமா?” என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். புகைந்தால் நெருப்பு உண்டு, சரி. யாரோ சொன்ன பேச்சு புகைதான் என்பதை யார் நிறுவினார்கள்?