வழுக்கும் பட்டை

தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால், கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் அணி அணியாகச் செல்வதைக் காணலாம். அன்னையர் பலரும் ஆசிரியைகள் பலரும் அவற்றை ஓட்டுகின்றனர். எஞ்சினின் ஆற்றல் பின்சக்கரத்திற்கு எவ்வாறு சென்று சேர்கிறது என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. சங்கிலி அன்று, பெல்ட் என்று நாம் அழைக்கும் ரப்பர் பட்டையே அப்பணியைச் செய்கிறது. மணலிலும் சேற்றிலும் மேட்டிலும் ஓடும் ஏ.டி.வி. எனும் நாற்சக்கர வண்டிகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். அப்பட்டை வழுக்குவது ஏன்? வழுக்கினால் செய்ய வேண்டியது என்ன?

அமைப்பு

முன்னும் பின்னும் இரண்டு கப்பிகள் உள்ளன. ஒவ்வொரு கப்பியும் எதிரெதிராக அமைந்த இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. எஞ்சின் வேகம் கூடும்போது முன்கப்பியில் உள்ள உருளைகள் வெளிப்புறமாக நகர்ந்து தட்டுகளை நெருக்குகின்றன. பட்டை விளிம்பை நோக்கி உயர்கிறது. பட்டையின் நீளம் மாறாததால், பின்கப்பியில் அது சுருள்வில்லை மீறித் தட்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. கியர் மாற்றம் தானாகவே நிகழ்கிறது. நெதர்லாந்து நாட்டின் டாஃப் நிறுவனம் 1958-ல் இம்முறையுடன் கூடிய காரைக் காட்சிக்கு வைத்தது. இந்தியாவில் 1984-ல் வெளிவந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரும் இம்முறையில் இயங்கியதே.

பிடிப்பின் கணக்கு

கனமான பொருளைக் கயிற்றில் கட்டி இறக்குவோர், கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பதைக் கண்டிருப்பீர்கள். சுற்று மிகுந்தால் பிடிப்பு மிகும். தூண் ஈரமானால் பிடிப்புக் குறையும். பட்டைக்கும் இதே விதிதான்.

கப்பியை அரைச்சுற்றுத் தழுவும் தட்டையான பட்டையின் உராய்வுக் குணகம் 0.3 என்று கொள்வோம். இறுகிய பக்கத்தின் இழுவிசை, தளர்ந்த பக்கத்தைப் போல் சுமார் 2.6 மடங்கு வரை இருக்கலாம், அதற்குமேல் வழுக்கும். அதே பட்டை ஆப்பு வடிவில் 40 பாகைக் காடியினுள் அமர்ந்தால் சுமார் 16 மடங்கு வரை தாங்கும். இப்போது எண்ணெயோ நீரோ பட்டு, குணகம் 0.1 ஆகிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். 16 மடங்கு 2.5 மடங்காகச் சுருங்கிவிடுகிறது! எஞ்சின் இரையும், வண்டி ஏறாது. பாலத்து ஏற்றத்தில், பின்னால் லாரி வரும் வேளையில், இது வெறும் கணக்கன்று.

படிவு சொல்லும் செய்தி

மூடியைத் திறந்தால் உள்ளே காணும் கறையே நோயைக் கூறிவிடும்.

1. உலர்ந்த கரும்பொடி சிறிது இருப்பது இயல்பான தேய்மானம். மிகுதியாக இருந்தால் கப்பிகள் நேர்க்கோட்டில் இல்லை, அல்லது தட்டுகள் தேய்ந்து வரி விழுந்துள்ளன.

2. பட்டையின் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுமினுத்தால், அது பலகாலமாக வழுக்கிச் சூடேறியுள்ளது.

3. பிசுபிசுப்பான கரும்படலம் இருந்தால், எண்ணெய்க் கசிவோ மிகையாக இட்ட கிரீஸோ காரணம்.

4. துருநிறம் நீர் புகுந்ததற்கு அடையாளம். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் வண்டியை ஓட்டிய பின் இதனைக் காணலாம்.

5. ஒரே இடத்தில் மட்டும் கருகியிருந்தால், சக்கரம் அசையாத நிலையில் எஞ்சினை முறுக்கியிருக்கிறார்கள். ஏ.டி.வி. பலவற்றில் தனிக் கிளச்சு இல்லை. பட்டையே கிளச்சாகவும் பயன்படுகிறது. ஆகவே, சுமை இழுக்கும்போதும் செங்குத்தான மேட்டில் மெல்ல ஏறும்போதும் தாழ்ந்த கியரையே பயன்படுத்த வேண்டும்.

செய்ய வேண்டுவன

முதலில் கசிவை அடைக்க வேண்டும். பிறகு கப்பித் தட்டுகளைச் சோப்பு நீரால் துடைத்து நன்றாக உலர்த்த வேண்டும். பட்டையைப் பெட்ரோலில் கழுவலாகாது. ரப்பர் உப்பிக் கெடும். எண்ணெய் ஊறிய பட்டையையும், கருகிய பட்டையையும், வெடிப்பு விழுந்த பட்டையையும் மாற்றுவதே முறை. பட்டையின் அகலத்தை அளந்து, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிடுக.

பிடிப்புக்காகப் பட்டையில் பிசின் பூசும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அன்று வழுக்கல் நிற்கும். ஆனால் பிசினில் தூசி ஒட்டி, சில நாளில் வழுக்கல் முன்னிலும் மிகும். காரணம் அப்படியே இருக்க, அடையாளத்தை மட்டும் மறைத்த கதைதான் அது.

ஓர் எச்சரிக்கை

பட்டை ஓடும்போது கையை அருகில் கொண்டு செல்லாதீர். நம் வீட்டுக் கிரைண்டரின் பட்டைக்கும் மாவு மில்லின் பட்டைக்கும் இது பொருந்தும். துப்பட்டாவின் முனையோ பின்னலோ கப்பியில் சிக்கினால், அதே 16 மடங்குப் பிடிப்பு நம்மையும் இழுக்கும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, சூடு ஆறிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். கிரைண்டராயின் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

இயந்திரம் பழுதுபட்டால், "அது ஆண்பிள்ளைகள் பார்க்கும் காரியம்" என்று ஒதுங்குதல் இனி வேண்டா. பழுது பார்ப்பவரிடம் வண்டியை விடும்போது, "புதுப் பட்டை போடுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், "பழைய பட்டையைக் காட்டுங்கள், கறை எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். கசிவை அடைக்காமல் போட்ட புதுப் பட்டையும் சில வாரங்களில் வழுக்கவே செய்யும்.