புதுப் பேட்டரி வாங்கும் முன் மூன்று அளவு

சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், செல்ஃப் சுற்றவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்து நாள் முழுக்க உழுதாலும் மறுநாள் காலை அதே கதைதான். சின்ன டிராக்டரில் இப்படி நேர்ந்தால் பழி நேராகப் பேட்டரி மேல் விழும். ஆனால் கிணற்று மோட்டார், குழாய், மேல்தொட்டி மூன்றில் எது கெட்டாலும் தொட்டியில் தண்ணீர் ஏறாது. இங்கேயும் கரண்ட் தருவது டைனமோ என்று நாம் சொல்லும் ஆல்டர்னேட்டர், கொண்டுவருவது ஒயர், வாங்கி வைப்பது பேட்டரி. கெட்டது எது என்று பார்க்காமல் பேட்டரியை மாற்றினால் புதியதும் சில நாளில் படுத்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால், எது கெட்டது என்பதை வீட்டிலேயே பிரித்துவிடலாம்.

மீட்டரை எடுக்கும் முன் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. இன்ஜினை அணைத்து, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. அப்போதுதான் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் தீப்பொறி வராது. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால், மூடித் துளைக்குள் போகாமல் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். எர்த் ஒயர் சேஸிஸில் முடியும் இடத்திலும் துரு, பெயின்ட், சேறு சேரும். பலர் விட்டுவிடும் இடம் அது. ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர்தான் இறங்க வேண்டும். தொளதொளவென்று இருந்தாலோ, உள்பக்கம் பளபளத்திருந்தாலோ பெல்ட் வழுக்குகிறது. மூடி திறக்கும் பேட்டரியானால் தட்டுகள் மூழ்குமளவு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

முதல் அளவு, வண்டி சில மணி நேரம் சும்மா நின்றபின் எடுப்பது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரு முனைகளிலும் தொடுங்கள். 12.6 வந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால். 12 என்றால் கால்பங்கு தேறினால் அதிகம். 10.5 அளவிலேயே நின்றால் ஒரு செல் செத்திருக்க வாய்ப்பு அதிகம், செல்லுக்கு 2.1 வோல்ட் வீதம் ஐந்து செல்தான் வேலை செய்கிறது. குறைவாக இருக்கும் பேட்டரியை வெளியே முழுதாக சார்ஜ் போட்டு, சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் 12.4-ஐத் தொடாவிட்டால் கோளாறு பேட்டரியில்தான். ஹைட்ரோமீட்டர் இருந்தால் முழு சார்ஜில் 1.265 அளவு காட்டும்; ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அது போய்விட்டது.

இரண்டாவது அளவு, இன்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு அதே முனைகளில் எடுப்பது. 13.8 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. முதல் அளவிலிருந்து நகரவே இல்லை என்றால் சார்ஜ் வரவில்லை. உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டாம். மூன்றாவது அளவை அதன் தடித்த ஒயர் முனையில் எடுங்கள். அங்கே 14.2, பேட்டரியில் 12.4 என்றால் குற்றவாளி நடுவில் இருக்கும் ஃபியூஸ், ஒயர், எர்த் இணைப்பு. அங்கேயும் வோல்ட் ஏறவில்லையென்றால் சார்ஜ் லைட்டைப் பாருங்கள்: சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். பல ஆல்டர்னேட்டர்களுக்குத் தொடக்கக் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போனால் நல்ல ஆல்டர்னேட்டரும் சும்மா சுற்றும். அதுவும் சரியென்றால்தான் பட்டறைக்குப் போக வேண்டும். மிகச் சிறிய டிராக்டர்களில் காந்த டைனமோவும் தனி ரெகுலேட்டரும் இருக்கும். டைனமோ ஒயர்களில் ஏசி வோல்ட் வேகத்தோடு ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது, ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள்.

‘இதெல்லாம் எதற்கு, ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்று, இன்ஜின் நின்றால் டைனமோ போச்சு’ என்பார்கள். சாதாரண மெக்கானிக்கல் பம்ப் கொண்ட டீசல் இன்ஜின் ஓடுவதற்குக் கரண்டே தேவையில்லை. எனவே நிற்காமல் ஓடுவது எதையும் நிரூபிக்காது. ஆனால் ஒயரைக் கழற்றியதும் திடீரென எகிறும் வோல்ட் டயோடுகளைச் சுட்டுவிடும், சார்ஜ் ஏறும் பேட்டரியின் வாயுவில் பொறி பட்டால் வெடிக்கும். ‘பேட்டரிக்கு நாலு வயசாச்சு, எப்படியும் மாற்றத்தானே வேண்டும்?’ என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் வயது சந்தேகத்துக்குத்தான் காரணம், தீர்ப்புக்கு அல்ல. மாற்றினாலும் இரண்டாவது அளவை எடுக்காமல் விடக்கூடாது.

மூன்றும் சரியாக இருந்தும் காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தால், கரண்ட் எங்கோ கசிகிறது. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய ஒயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. மீட்டர் இப்படி இருக்கையில் ஸ்டார்ட் செய்யக்கூடாது. வேலையில்லாத மாதங்களில் நெகட்டிவைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். எடுத்த அளவுகளைத் தேதியோடு எழுதி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் எதை மாற்றுவது என்ற பேச்சு அந்த எண்களிலிருந்து தொடங்கும். கெடாத பொருளுக்குக் காசு போகாது.