பத்து நொடிக்குள் ஓர் இசை

நுழையும்முன்

குழலும் யாழும் முழவும் இசைக்கருவிகள் என்பதை நாம் அறிவோம். பிறர் இசைத்துப் பதிந்த ஒலியை எடுத்து, நறுக்கி, அடுக்கிப் புதிய இசையாக்கும் பொறியையும் இசைக்கருவி எனலாமா? நியூயார்க் நகரின் இரு சகோதரர்கள் இவ்வினாவுக்குத் தம் உழைப்பால் விடை கண்டனர். அவர்களையும் அவர்கள் கையாண்ட கருவிகளையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

ஹிப்ஹாப் இசையின் தோற்றம்

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் விருந்து ஒன்று நடைபெற்றது. ஜமைக்காவில் பிறந்து அங்குக் குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுகளை இயக்கினார். ஹிப்ஹாப் இசையின் பிறந்தநாளாக இந்நாளே இன்று போற்றப்படுகிறது.

பாடலின் நடுவே குரலும் பிற கருவிகளும் ஓய்ந்து, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சிறு பகுதி உண்டு. ஆடுவோர் அப்பகுதிக்காகவே காத்திருப்பதைக் கூல் ஹெர்க் கண்டறிந்தார். எனவே, ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு கருவிகளில் வைத்தார். ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றொன்றில் அதையே தொடங்கினார். சில நொடித் தாளம் பல நிமிடங்களுக்கு நீண்டது. கேட்பதற்கென உருவான இசைத்தட்டு, இசைப்பதற்குரிய கருவியாக மாறியது இவ்வாறுதான்.

1980களில் இப்பணியைச் செய்ய ‘சாம்ப்ளர்’ என்னும் மின்னணுப் பொறி வந்தது. அது ஒலியலையை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, எண்களாக மாற்றி நினைவகத்தில் சேமிக்கும். சேமித்த துணுக்கை வேண்டியபோது, வேண்டிய வேகத்தில் மீண்டும் ஒலிக்கச் செய்யலாம்.

தாளம் தோண்டிய சகோதரர்கள்

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் புஷ்விக் என்னும் குடியிருப்பு உள்ளது. அங்கிருந்து வந்தவர்களே ‘டா பீட்மைனர்ஸ்’ இணையர். ஈவில் டீ, மிஸ்டர் வால்ட் என்னும் கலைப்பெயர்களால் அறியப்படும் உடன்பிறந்தோர் இவர்கள். ‘தாளச் சுரங்கத் தொழிலாளர்’ என்று அவ்விணையின் பெயரைத் தமிழில் கூறலாம். பழைய இசைத்தட்டுகள் நிறைந்த பெட்டிகளைத் துழாவி, பலரும் மறந்துவிட்ட இசையிலிருந்து ஒரு தாளத்தையோ ஒரு சுரவரிசையையோ தோண்டியெடுத்ததால் அப்பெயர் அவர்களுக்கு மிகவும் பொருந்துகிறது.

ஈவில் டீ இடம்பெற்ற ‘பிளாக் மூன்’ குழுவின் ‘ஹூ காட் டா ப்ராப்ஸ்’ என்னும் பாடல் 1992இல் வெளிவந்தது. ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ரானி லாஸ் 1975இல் வெளியிட்ட ‘டைடல் வேவ்’ என்னும் இசையிலிருந்து எடுத்த துணுக்கு அப்பாடலுக்கு அடிப்படையானது. 1993இல் ‘என்டா டா ஸ்டேஜ்’ என்னும் தொகுப்பும், 1995இல் ‘ஸ்மிஃப் என் வெஸ்ஸன்’ குழுவின் ‘டா ஷைனிங்’ தொகுப்பும் வெளிவந்தன. இருண்ட, ஆழ்ந்த, சற்றே கரகரப்பான ஒலி இத்தொகுப்புகளின் அடையாளம். அவ்வொலி பிறந்த விதத்தை அறிய அவர்களின் கருவிகளை நோக்க வேண்டும்.

நினைவகம் பத்து நொடி

அவர்கள் கையாண்ட முதன்மைக் கருவி, அமெரிக்காவின் இ-மு நிறுவனம் 1987இல் வெளியிட்ட எஸ்.பி.1200. விரலால் தட்டி இசைக்க 8 பொத்தான்களும், ஒலியளவையும் சுருதியையும் மாற்ற 8 நகர்த்துவிசைகளும் அதில் உண்டு. 32 துணுக்குகளை அதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால், அதன் மொத்த நினைவகமோ ஏறத்தாழ 10 நொடி ஒலிக்கு மட்டுமே இடம் தந்தது. தனியொரு துணுக்கு இரண்டரை நொடிக்கு மேல் நீளக்கூடாது.

இக்குறையை வெல்ல அக்காலக் கலைஞர்கள் ஓர் உத்தியைக் கண்டனர். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலவேண்டிய இசைத்தட்டை 45 முறை சுழலவிட்டனர். வேகம் 1.35 மடங்கானது; பதின்மூன்றரை நொடி இசை பத்து நொடிக்குள் அடங்கியது. பின்னர்ப் பொறியின் உள்ளே அதன் வேகத்தைக் குறைத்து, பழைய சுருதிக்குக் கொண்டுவந்தனர்.

இவ்வாறு செய்ததில் எதிர்பாராத விளைவு ஒன்றும் நேர்ந்தது. எஸ்.பி.1200 ஒலியை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 26,000 முறையே அளக்கும். விரைவாக ஓடவிட்டு எடுத்த ஒலியை மெதுவாக்கும்போது அதன் நுண்மை மேலும் குறையும். ஒலியின் விளிம்புகள் தேய்ந்து, துணி சுற்றிய முரசைப் போன்ற கரகரப்பு தோன்றும். பொறியியல் நோக்கில் இது பிழையே. கலைஞர்களோ அதைத் தம் இசையின் நிறமாக ஏற்றுக்கொண்டனர். நினைவகம் பெருகிய பின்னரும் பலர் அக்கரகரப்பைத் தேடி அப்பழைய பொறிக்கே திரும்பினர்.

தெரியுமா?

குறுந்தட்டில் ஒலியின் அளவு 16 பிட்டுகளால் குறிக்கப்படுகிறது; அதாவது 65,536 படிநிலைகள். எஸ்.பி.1200 கையாள்வது 12 பிட்டுகளை. அதாவது 4,096 படிநிலைகள் மட்டுமே. படிகள் குறையக் குறைய, மீட்கப்படும் ஒலி மூல ஒலியிலிருந்து விலகும்.

வடிகட்டியின் பணி

சகோதரர்களின் இரண்டாவது கருவி, ஜப்பானின் அகாய் நிறுவனம் 1988இல் வெளியிட்ட எஸ்.950. ஒலியை மிக நுட்பமாகப் பதிந்தால் நேரம் சுருங்கும். நுட்பத்தைக் குறைத்துக்கொண்டால் நேரம் நீளும். எது வேண்டுமென்று தெரிவு செய்யும் உரிமையை அது பயனாளரிடமே விட்டது. தாளப் பொறியுடன் கம்பியால் இணைத்து, இரண்டையும் ஒன்றாக இயக்கவும் இயலும்.

அதனுள் இருந்த வடிகட்டி இங்குக் குறிப்பிடத்தக்கது. மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைக் கேட்கும். பேஸ் கிதாரின் அடிப்படை ஒலி அவற்றுள் கீழ்நிலையில் அமைவது. அதன் தடித்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்சில் அதிரும். குரல், எக்காளம், உலோகத் தட்டு ஆகியவற்றின் தெளிவான கூறுகள் மேல்நிலையில் அமைபவை. வடிகட்டி மேல்நிலை ஒலிகளை அடக்கிக் கீழ்நிலை ஒலிகளை மட்டும் கடத்தும். பல கருவிகள் ஒருங்கே ஒலிக்கும் பழைய பதிவை அதன் வழியே செலுத்தினால், பிற ஒலிகள் மங்கி, பேஸ் கிதாரின் நடை மட்டும் அடித்தளமாக எஞ்சும். அவ்வடித்தளத்தின்மேல் வேறோர் இசைத்தட்டின் தாளத்தை அமைப்பர். இம்முறையைத் தம் தனித்தன்மையாகவே வளர்த்தெடுத்தவர்கள் டா பீட்மைனர்ஸ்.

முழுப் பாடலைக் கேட்கும்போதே, பிற ஒலிகளை நீக்கினால் எஞ்சுவது எத்தகையது என்பதை மனத்துக்குள் கேட்கும் பயிற்சி இதற்குத் தேவை. வடிகட்டுவது பொறி, எதை வடிகட்டுவது என்று முடிவு செய்வது செவி.

எடுத்தலும் படைத்தலும்

பிறர் இசையிலிருந்து எடுப்பது களவாகாதா என்னும் வினா இங்கு எழுவது இயல்பு. 1991ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, இசைவு பெறாமல் ஒரு பாடலின் துணுக்கைப் பயன்படுத்தியது உரிமை மீறல் எனத் தீர்ப்பளித்தது. அதன்பின், துணுக்குக்கு இசைவு பெறுவதும் தொகை செலுத்துவதும் இசை நிறுவனங்களின் கட்டாய நடைமுறையாயின.

அதற்கான நியாயத்தை ஒரு முரசுக் கலைஞரின் வாழ்க்கை உணர்த்துகிறது. ‘தி வின்ஸ்டன்ஸ்’ குழு 1969இல் பதிந்த ‘ஆமென் பிரதர்’ என்னும் இசையில், கிரிகரி கோல்மன் ஏறத்தாழ ஏழு நொடி தனித்து முரசு இசைத்தார். அத்தாளம் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பாடல்களில் எடுத்தாளப்பட்டது. எனினும், அதற்கென உரிமைத்தொகை எதுவும் பெறாமலே, வறுமையில், 2006இல் அவர் மறைந்தார்.

ஆகவே, இரண்டையும் நாம் சேர்த்தே எண்ண வேண்டும். துணுக்கைத் தேர்ந்து, வடிகட்டி, புதிய இடத்தில் பொருத்துவது படைப்பே. அதனைக் களவென ஒதுக்குவது அவ்வுழைப்பை அறியாமையாகும். அதே வேளையில், அத்துணுக்கை முதலில் இசைத்த கைகளுக்கு உரிய பெயரையும் பொருளையும் மறுப்பது அறமாகாது. முன்னோர் செல்வத்தை ஆள்வோர்க்கு அவர்களைப் போற்றும் கடமையும் உண்டு.

எல்லையும் கலையும்

இன்று ஒரு கைப்பேசியே பல நூறு மணிநேர இசையைச் சேமிக்கும். இடமில்லை என்பதற்காக எதையும் விடவேண்டிய நிலை நமக்கு இல்லை. பத்து நொடி நினைவகமோ, பெட்டி நிறைந்த இசைத்தட்டுகளுள் எந்த இரண்டு நொடி இன்றியமையாதது என்று அக்கலைஞர்களை ஒவ்வொரு முறையும் கேட்டது. ஏழு சீர்களுக்குள் ஒரு கருத்தை நிறுத்திய குறளின் மரபில் வந்த நமக்கு இவ்வுண்மை புதிதன்று. எல்லையைத் தாமே வகுத்துக்கொண்டு, வேண்டாதவற்றை விடத் துணிவோர்க்கு, கருவி எதுவாயினும் கலை கைகூடும்.

கலைச்சொல் விளக்கம்

சாம்ப்ளர் – ஒலித்துணுக்குகளைப் பதிந்து மீண்டும் இசைக்கும் மின்னணுப் பொறி
அதிர்வெண் – ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை
வடிகட்டி – குறிப்பிட்ட அதிர்வெண்களை அடக்கிப் பிறவற்றைக் கடத்தும் அமைப்பு
உரிமைத்தொகை – படைப்பைப் பயன்படுத்துவதற்காக உரியவர்க்கு அளிக்கும் பணம்

மதிப்பீடு

குறுவினா
1. ஹிப்ஹாப் இசையின் பிறந்தநாளாகப் போற்றப்படும் நாள் யாது?
2. ‘டா பீட்மைனர்ஸ்’ என்னும் பெயர் அவ்விணையர்க்குப் பொருந்துவது எவ்வாறு?

சிறுவினா
3. இசைத்தட்டை 45 முறை சுழலவிட்டதன் நோக்கத்தையும் விளைவையும் விளக்குக.

நெடுவினா
4. ‘எடுத்தல், படைத்தல் இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல’ – இக்கூற்றைப் பாடத்தின் துணைகொண்டு ஆராய்க.

கற்பவை கற்றபின்

நீங்கள் விரும்பும் பாடலொன்றின் எந்த இரண்டு நொடி மிக இன்றியமையாதது எனத் தேர்ந்து, அதற்கான காரணங்களை வகுப்பறையில் எடுத்துரைக்க.